தங்கைக்கு ஐபிஎல் கருவி வாங்கித் தரலாமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். அடுத்த மாதம் எங்கள் வீட்டில் வரிசையாக மூன்று பேருக்குப் பிறந்தநாள். முடி, சருமம் சம்பந்தமாக உருப்படியான ஏதாவது வாங்கிக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். தங்கைக்கு 20 வயது. கை கால்களில் ரோமம் கொஞ்சம் அடர்த்தி. மாநிறத்தைவிடச் சற்றுக் கறுப்பு. வீட்டிலேயே பயன்படுத்தும், ஒளியால் ரோமம் நீக்கும் ஐபிஎல் கருவி வாங்கித் தரலாமா? நாத்தனாருக்குக் குழந்தை பிறந்து நான்கு மாதம் ஆகிறது. சீப்பை வைத்தாலே கொத்துக் கொத்தாக முடி வருகிறது என்று புலம்புகிறார். அவருக்காக சீரம், எண்ணெய், பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை எல்லாம் சேர்ந்த கிஃப்ட் செட் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். மாமியாருக்கு 58 வயது. பல வருடமாக ஒரே ஹேர் டைதான். அதை மாற்றி நல்ல மூலிகை டை வாங்கித் தரலாமா? எதை வாங்கினாலும் மூலையில் கிடக்கக் கூடாது, அவ்வளவுதான்.

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நாத்தனார் முடி கொட்டுவதாகப் புலம்புகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். மாமியார் தானே டை அடித்துக்கொள்கிறார். தங்கை விஷயத்தில் மட்டும், ரோமம் அடர்த்தி என்று சொல்வது நீங்கள். அது அவளுக்கு ஒரு தொந்தரவு என்றோ, எடுக்க வேண்டும் என்று கேட்டாள் என்றோ ஒரு வரிகூட இல்லை. எனவே கருவி நல்லதா கெட்டதா என்பதற்கு முன்னால் என் பதில் இது: அவள் வாய் திறந்து கேட்டிருந்தால் மேற்கொண்டு படியுங்கள். கேட்கவில்லை என்றால் அவளுக்கு வேறு ஏதாவது வாங்குங்கள்.

கடுமையாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். ரோமம் நீக்க வேண்டும் என்று என்னிடம் வரும் இளம்பெண்களிடம், "எப்போதிலிருந்து இது உறுத்துகிறது?" என்று கேட்பது என் வழக்கம். பலர் சொல்லும் பதிலில் ஒரு அக்காவோ சித்தியோ கூடப் படித்த தோழியோ இருப்பார்கள். "அவங்க சொன்னதுக்கு அப்புறம்தான் கவனிச்சேன்." அதுவரை கையில் ரோமம் இருந்தது, அவள் பாட்டுக்கு இருந்தாள். நாலு பேர் சுற்றி நிற்கும்போது பெட்டியைப் பிரித்து, உள்ளே ரோமம் நீக்கும் கருவியைப் பார்க்கிற 20 வயதுப் பெண்ணின் முகத்தை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். கேட்டு வாங்கினாலும், இந்த மாதிரிப் பொருளைத் தனியாகக் கொடுப்பதுதான் முறை.

சரி, அவளே கேட்டாள் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ஐபிஎல் கருவிக்கு நான் சட்டென்று சரி சொல்ல மாட்டேன். காரணம் அவள் நிறம்.

இந்தக் கருவி பளிச்சென்று ஒரு வெளிச்சத்தைத் தோலுக்குள் அனுப்புகிறது. முடிக்கு நிறம் தரும் மெலனின் அந்த ஒளியை உறிஞ்சிச் சூடாகிறது. அந்தச் சூடு மயிர்க்காலைத் தாக்கி, முடி வளர்வதைத் தாமதப்படுத்துகிறது. சிக்கல் என்னவென்றால், தோலுக்கு நிறம் தருவதும் அதே மெலனின்தான். வெளுத்த தோலில் கறுத்த முடி இருந்தால் ஒளி நேராக முடியைப் போய்ச் சேரும். தோலும் கறுப்பாக இருந்தால் பாதி வழியிலேயே தோல் அதை வாங்கிக்கொண்டு வெந்துபோகும். நரைத்த முடி, வெளிர்ந்த முடி, செம்பட்டை முடியில் உறிஞ்சுவதற்குப் போதிய மெலனின் இல்லாததால், அங்கே இந்தக் கருவியால் பெரிய பயன் இருக்காது.

என்னிடம் வந்த ஒரு பெண்ணின் கெண்டைக்காலில் வரிசையாகச் சின்னச் சின்னச் செவ்வகங்கள் இருந்தன. முத்திரை குத்தியது போல ஒரே அளவு, ஓரங்கள் நேர்க்கோடாக, உள்ளே காபிப்பொடி நிறம். கருவியின் கண்ணாடி முகப்பு எந்த அளவோ, அந்த அளவு. முதல் தடவை சுருக்கென்று எரிந்திருக்கிறது. எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டு, அளவைக் கூட்டி வைத்து முழங்கால்வரை போயிருக்கிறாள். கொப்புளம் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. அந்தக் கறை மறையப் பல மாதங்கள் பிடித்தன. கறுத்த தோலில் எந்தப் புண்ணும் ஆறிய பிறகு கறுப்புத் தழும்பை விட்டுவிட்டுத்தான் போகும். ரோமத்தை மறைக்க முழுக்கால் உடுப்பு போட்டவள், அப்புறம் கறையை மறைக்க அதையே போட வேண்டியதாயிற்று.

கருவியை விற்கிற நிறுவனங்களுக்கும் இது தெரியும். அதனால்தான் பெட்டியின் பின்புறத்திலோ உள்ளே இருக்கும் கையேட்டிலோ சருமநிறக் கட்டங்கள் வரிசையாக அச்சிட்டிருக்கும். தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் 1975-ல் வகுத்த பிரிவை ஒட்டி, வெளுத்ததில் தொடங்கிக் கறுத்தது வரை ஆறு வகை. வீட்டுக் கருவிகளில் பெரும்பாலானவை ஆறாவது வகைக்கு வேண்டாம் என்று சொல்லும். சில, ஐந்தாவதையும் சேர்த்தே விலக்கும். வாங்குவதற்கு முன் அந்தப் பட்டியலைப் பாருங்கள். கடையின் குழல்விளக்கில் வேண்டாம், பகல் வெளிச்சத்தில் பாருங்கள். எந்த இடத்தில் பயன்படுத்தப் போகிறாளோ அந்த இடத்துத் தோலோடு ஒப்பிடுங்கள். முழங்கைக்கு உள்பக்கம் வெளுப்பாகவும் முழங்கால் கறுப்பாகவும் இருப்பது எல்லோருக்கும் உள்ளதுதான். இரண்டு நிறங்களுக்கு நடுவில் சந்தேகம் வந்தால் கறுத்த கட்டத்தையே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். தோலின் நிறத்தைத் தானே அளந்து, ஒத்துவராவிட்டால் ஒளி விடாமல் பூட்டிக்கொள்ளும் சென்சார் உள்ள கருவிகள் இருக்கின்றன. சென்சார் இல்லாத கருவியைக் கறுத்த தோல்காரருக்குப் பரிசாகத் தூக்கிக் கொடுப்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இன்னொன்று, பொறுமை. எல்லா முடியும் ஒரே சமயத்தில் வளர்வதில்லை. சில வளர்கின்றன, சில ஓய்வெடுக்கின்றன. வளர்கிற முடியை மட்டுமே ஒளி பிடிக்கும். அதனால் ஆரம்பத்தில் ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒரு தடவையாகச் சில மாதங்கள் தொடர வேண்டும். பிறகும் அவ்வப்போது தொட்டுவிட வேண்டும், நிறுத்தினால் மெல்லத் திரும்பி வரும். அதோடு, முன்கூட்டியே ரேசரால் மழித்திருக்க வேண்டும். வேக்ஸிங் செய்திருந்தால் வேரே போயிருக்கும், ஒளிக்குப் பிடிமானம் இருக்காது. பச்சை குத்திய இடம், கறுத்த மச்சம் இவற்றின் மேல் வைக்கக் கூடாது. நீங்கள் பயப்படும் அந்த மூலையில் போய்ச் சேரும் பொருள்களில் இதற்கு முதலிடம் கொடுப்பேன். மூன்றாவது வாரத்தோடு நிறுத்தியவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

முகத்து ரோமத்துக்கு இந்தக் கருவியை வாங்கவே வேண்டாம். தாடை, கன்னம் பகுதிகளில் ஒளி பட்டு, குறைவதற்குப் பதிலாக ரோமம் கூடிப்போவதும் உண்டு. ஹார்மோன் கோளாறு உள்ளவர்களிடம் இதற்கு வாய்ப்பு அதிகம். அதோடு, தங்கைக்கு மாதவிலக்கு தள்ளித் தள்ளி வருகிறதா, தாடையிலும் மேலுதட்டிலும் முரட்டு முடி புதிதாக வருகிறதா என்று ஒரு அக்காவாகக் கேட்டுவையுங்கள். ஆம் என்றால் முதல் செலவு மருத்துவரைப் பார்ப்பதற்கு. சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையை அப்படியே விட்டுவிட்டு மேலே எதைச் செய்தாலும் முடி வந்துகொண்டேதான் இருக்கும்.

உண்மையிலேயே நீண்ட காலத்துக்குக் குறைய வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டால், கருவிக்கு வைத்திருக்கும் பணத்தைத் தோல் மருத்துவரிடம் லேசர் செய்துகொள்ளக் கொடுங்கள். கறுத்த தோலுக்கு 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி-யாக் லேசர் பாதுகாப்பானது. மேல்தோலின் மெலனின் அதைக் குறைவாகவே உறிஞ்சும், ஒளி ஆழத்துக்குப் போகும். அதிலும் "நிரந்தரமாகக் குறையும்" என்றுதான் சொல்லலாமே தவிர, அறவே வராது என்று யாராவது வாக்குக் கொடுத்தால் நம்பாதீர்கள். ஒவ்வொரு மயிர்க்காலிலும் ஊசி விட்டு மின்சாரத்தால் அழிக்கும் எலக்ட்ராலிசிஸ் ஒன்றைத்தான் நிரந்தர நீக்கம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒப்புக்கொள்கிறது. அது 1875-ல் ஒரு கண் மருத்துவர் உள்நோக்கி வளர்ந்த இமைமுடிக்காகக் கையாண்ட முறை. முழுக் காலுக்கும் அதைச் செய்ய உட்கார்ந்தால் நாள் போதாது. நாலைந்து முரட்டு முடிக்குச் சரி.

இவ்வளவெல்லாம் வேண்டாம், கையில் ஒரு பொருள் கொடுக்க வேண்டும் என்றால் என் தேர்வு உடம்புக்கான சாதாரண ட்ரிம்மர். தோலை ஒட்டி மழிக்காமல் ரோமத்தைக் கட்டையாக வெட்டிவிடும். எரிச்சல் இல்லை, ரசாயனம் இல்லை, நிறம் பார்க்க வேண்டியதில்லை. வெட்டினால், மழித்தால் முடி தடித்து வளரும் என்று வீட்டில் யாராவது தடுத்தால், அது 1928-லேயே சோதித்துப் பார்த்துத் தள்ளுபடி செய்யப்பட்ட கதை என்று சொல்லுங்கள். முடியின் இயல்பான முனை கூர்மை. வெட்டிய முனை மொட்டை. அது தடவும்போது சொரசொரப்பாகத் தெரிகிறது, மற்றபடி தடிமனும் எண்ணிக்கையும் மாறுவதில்லை.

எபிலேட்டர் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும், கடையில் அதைத்தான் அடுத்ததாகக் காட்டுவார்கள். அது வேரோடு பிடுங்குகிற கருவி. ஏற்கெனவே வேக்ஸிங் செய்து பழகியவருக்குக் கொடுக்கலாம். புதிதாக ஆரம்பிப்பவர் வலியில் முதல் நாளே பெட்டிக்குள் திருப்பி வைத்துவிடுவார். சுருள் ரோமம் உள்ளவர்களுக்கு முடி உள்ளுக்குள்ளேயே சுருண்டு வளர்ந்து கொப்புளம் கொப்புளமாக வரும். ஹேர் ரிமூவல் க்ரீமைப் பொறுத்தவரை ஒரே ஒரு விஷயம்: முடியைக் கரைக்கும் தியோகிளைகோலேட் என்ற காரப் பொருள்தான் அதில் வேலை செய்கிறது. முடியும் கெராட்டின் என்ற புரதம்தான், தோலின் மேலடுக்கும் அதே கெராட்டின். பெட்டியில் போட்டிருக்கும் நிமிடத்துக்கு மேல் விட்டால் அது இரண்டையும் பிரித்துப் பார்க்காது. அதை வாங்கிக் கொடுத்தால் கூடவே சொல்ல வேண்டியது: ஒரு ரூபாய் நாணய அளவுக்கு ஓரிடத்தில் தடவி, கழுவி, ஒரு நாள் பொறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பருவுக்காக ரெட்டினாய்டு மருந்து எடுப்பவளாக இருந்தால் வேக்ஸிங் கூடவே கூடாது. மெழுகோடு தோலும் உரிந்து வரும்.

அடுத்தது நாத்தனார். அவருக்கு நீங்கள் பார்த்து வைத்திருக்கும் செட்டை வாங்காதீர்கள். ஆனால் அவரைப் பற்றிக் கவலைப்படவும் வேண்டாம். கர்ப்ப காலத்தில் ஹார்மோன்கள் உதிர வேண்டிய முடியையும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. பிரசவமானதும் பிடி தளர்ந்து, இரண்டு முதல் நான்கு மாதத்துக்குள் எல்லாம் ஒன்றாகக் கொட்டும். பெரும்பாலானவர்களுக்குக் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குள் பழைய நிலைக்கு வந்துவிடும். எந்த சீரம் போட்டாலும், போடாவிட்டாலும். அந்த நேரத்தில் பாட்டில் கையில் இருந்தால் பெருமை பாட்டிலுக்குப் போய்விடுகிறது, அவ்வளவுதான்.

செட்டில் எனக்குப் பிடிக்காதது பயோட்டின் மாத்திரை. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 30 மைக்ரோகிராம், பால் கொடுக்கும் தாய்க்கு 35. முடிக்கென்று விற்கும் மாத்திரைகளில் 5,000, 10,000 என்று இருக்கும். அது உடம்பைக் கெடுப்பதைவிட ரத்தப் பரிசோதனையைக் கெடுக்கும். தைராய்டு சரியாக இருப்பவருக்கும் கூடியிருப்பது போலக் காட்டக்கூடும். 2017-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதற்காகவே எச்சரிக்கை விட்டது. பிரசவத்துக்குப் பிறகு சிலருக்குத் தைராய்டு உண்மையிலேயே தடுமாறும். அதனாலும் முடி கொட்டும், ரத்தசோகையாலும் கொட்டும். கொட்டுவது நிற்காமல் ஒரு வருடம் தாண்டினால் அந்தப் பரிசோதனைகள்தான் அவருக்குத் தேவைப்படும். அதையே குழப்புகிற மாத்திரையைப் பரிசாகக் கொடுப்பானேன்?

சீரம் என்ற பேரில் இரண்டு வேறு வேறு பொருள்கள் விற்கின்றன என்பதையும் கவனியுங்கள். ஒன்று, முடியின் நீளத்தில் தடவிச் சிக்கில்லாமல் மினுங்க வைப்பது. இதில் பெரும்பாலும் சிலிகான் இருக்கும், தொந்தரவில்லை. இன்னொன்று, உச்சந்தலையில் தேய்த்து முடி வளர வைப்பதாகச் சொல்வது. இரண்டாவது வகையில் மினாக்ஸிடில் இருக்கிறதா என்று லேபிளில் தேடுங்கள். அது மருந்து. பால் கொடுக்கும் தாய் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. வீட்டில் பூனை வளர்த்தால் இன்னும் ஜாக்கிரதை, துளி நக்கினாலும் பூனையின் உயிருக்கே ஆபத்து.

நாத்தனாருக்கு நான் வாங்குவதானால் அகலப் பல் சீப்பு ஒன்று, முடியை இழுக்காத மெத்தென்ற துணி பேண்டுகள் சில, குளிர்ந்த காற்று வரும் பொத்தானோடு ஒரு ஹேர் டிரையர். கைக்குழந்தைக்காரிக்கு ஈரத்தலையை உலர்த்தவே நேரம் கிடைக்காது. டிரையரை அவர் நிச்சயம் தினமும் எடுப்பார். துணி பேண்டைச் சும்மா சொல்லவில்லை. கொட்டும் முடி குழந்தையின் துணிக்குள், காலுறைக்குள் போய் விரலைச் சுற்றிக்கொள்ளும். ஒற்றை முடிதான், கண்ணுக்கே தெரியாது. விரல் சிவந்து வீங்கும், குழந்தை காரணம் தெரியாமல் வீறிட்டு அழும். இந்த மாதங்களில் தாயின் முடி கட்டியிருப்பது நல்லது. குழந்தை விடாமல் அழுதால் கால்விரல்களைப் பிரித்துப் பார்க்கும்படி நாத்தனாரிடம் சொல்லிவையுங்கள்.

மாமியாருக்கு டையை மாற்ற வேண்டாம் என்பதே என் பதில். பல வருடமாக ஒரே டை, அரிப்பில்லை, வீக்கமில்லை என்றால் அதைக் கலைப்பதில் லாபமில்லை. மூலிகை என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். தூய மருதாணி ஆரஞ்சும் செம்மையும் கலந்த நிறத்தைத்தான் தரும், கறுப்பைத் தராது. அவுரி இலைப் பொடி சேர்த்தால் கறுப்பு வரும், ஆனால் மணிக்கணக்கில் ஊற வேண்டும். கரைத்துப் பூசிக் கொஞ்ச நேரத்தில் மைக்கறுப்பாக்கும் "மூலிகை" பொடி என்றால், பின்பக்கம் பிபிடி, அதாவது பாரா-ஃபீனைலீன்டைஅமின் என்று எங்காவது சின்ன எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். சாதா டையில் ஒவ்வாமைக்குப் பெயர்போன அதே ரசாயனம்தான். "அம்மோனியா இல்லை" என்ற வாசகத்துக்கும் பிபிடி இல்லை என்பதற்கும் சம்பந்தமே கிடையாது.

டைதான் வேண்டும் என்று அவரே சொன்னால், அவர் இப்போது போடும் அதே பிராண்டு, அதே நிற எண். பழைய பெட்டியின் மூடியைப் புகைப்படம் எடுத்துக்கொண்டு போங்கள். அதோடு டை அடித்த தலைக்கான மென்மையான ஷாம்பூ, கண்டிஷனர் சேர்த்துக் கொடுக்கலாம். அவருக்குப் பொடுகு இருந்தால் எண்ணெய் வேண்டாம். பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்கு எண்ணெய்தான் சாப்பாடு. பாட்டிலின் பின்னால் திறந்த டப்பா படத்துக்குள் 12 எம் என்று இருந்தால், திறந்த பிறகு 12 மாதம் என்று பொருள். பெரிய குடும்ப அளவை வாங்கி ஒருவர் தலைக்கு இரண்டு வருடம் இழுக்க வேண்டாம்.

கருவி எதுவானாலும் பெட்டியின் சீலை நீங்கள் உடைத்துச் சரிபார்க்காதீர்கள். உடம்பில் படுகிற பொருளைத் திறந்துவிட்டால் பல கடைகளில் திரும்ப வாங்க மாட்டார்கள். ரசீதை உள்ளே வைத்துக் கொடுங்கள்.

மாமியாரிடம் ஒன்று மட்டும் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள். டை அடித்து ஒன்றிரண்டு நாள் கழித்துக் கண்ணிமை வீங்கியதோ, காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் அரித்ததோ உண்டா? தலைத்தோல் தடிப்பு என்பதால் ஒவ்வாமை பெரும்பாலும் அங்கே முதலில் தெரியாது, இமையிலும் காதோரத்திலும்தான் தெரியும். இரண்டு நாள் தள்ளி வருவதால் யாரும் டையைச் சந்தேகப்படுவதும் இல்லை. அப்படி ஒரு தடவையாவது வந்திருக்கிறது என்றால் அடுத்த முறை டை அடிப்பதற்கு முன் அவரை ஒரு தோல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இருக்கிற பெட்டியையும் அதுவரை திறக்க வேண்டாம்.